மழை வருமுன் எழுத வேண்டிய எண்

பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்புக்கு மாறிவிடும். ரயில் கரையிலேயே நிற்கும். ஸ்டேஷன் மாஸ்டர் வானத்தை அண்ணாந்து பார்த்து யோசிக்க வேண்டியதில்லை. தரிசனத்துக்கு நேரமாகிறது என்று பயணிகள் முணுமுணுத்தாலும் பயனில்லை. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டு, 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்ட அந்தப் பாலத்தில் எல்லோரும் வியந்து படம் எடுத்தது கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதியைத்தான். எனக்குப் பிடித்தது இந்த 58. நாளை காற்று அடிக்குமா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. காற்று இவ்வளவானால் இன்னது செய்வோம் என்று யாரோ ஒரு பொறியாளர் காற்றில்லாத ஒரு நாளில் உட்கார்ந்து முடிவுசெய்து வைத்துவிட்டார். அவ்வளவுதான் அதன் அறிவு.

அந்தப் பாலத்தின் இரு பக்கத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன. ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, கீழக்கரையில் முகமது சதக் பொறியியல் கல்லூரியும் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியும், தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் வளாகம், ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் பெயரில் அரசுக் கல்லூரி. இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுச் சிக்கல் உண்டு. ஜூனில் தொடங்கும் பருவத்தின் தேர்வுகள் நவம்பரை ஒட்டி வருகின்றன. வடகிழக்குப் பருவமழை உச்சத்தைத் தொடுவதும் அதே நவம்பரில்தான். ஹால் டிக்கெட்டும் புயல் சின்னமும் ஒரே வாரத்தில் வந்து சேருவது இங்கே ஆண்டுதோறும் நடக்கிற சங்கதி. எந்த வாரம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

2024 நவம்பர் 20, புதன்கிழமை. கடலில் பெயர் வைக்கப்பட்ட புயல் எதுவும் இல்லை. வளிமண்டலத்தின் கீழடுக்கில் ஒரு சுழற்சி இருந்தது. நவம்பரில் அது செய்தியே அல்ல. அன்று பாம்பனில் முற்பகல் 11.30 முதல் பிற்பகல் 2.30 வரையிலான 3 மணி நேரத்தில் மட்டும் 19 செ.மீ. மழை கொட்டியது. மறுநாள் காலை கணக்குப் பார்த்தபோது ராமேஸ்வரத்தில் சுமார் 44 செ.மீ., தங்கச்சிமடத்தில் 34, பாம்பனில் 28, மண்டபத்தில் 27. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் ஒரே நாளில் 20.4 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தாலே அது அதி கனமழை. ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு சராசரியோ 80 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஆக, ஓராண்டு மழையில் பாதி ஒரு பகலில் ராமேஸ்வரத்தில் விழுந்துவிட்டது. இந்த நான்கு ஊர்களும் ஒரே சாலையில் 20 கிலோமீட்டருக்குள் இருப்பவை. மாவட்டத்தின் உள்பகுதிகளில் இதில் ஒரு சிறு பங்கே பெய்தது.

ஏன் அங்கே, ஏன் அவ்வளவு?

வரைபடத்தில் ராமநாதபுரம் கரையைப் பாருங்கள். நிலம் ஒரு நாக்கைப் போல ஒடுங்கிக் கடலுக்குள் நீண்டு, மண்டபத்தில் அறுந்து, பாம்பன் தீவாகத் தொடர்ந்து, தனுஷ்கோடியில் மணல் நூலாகி முடிகிறது. வடக்கே பாக் விரிகுடா. ஆழம் குறைவு, அதனால் சீக்கிரம் சூடாகும் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, அதைவிட ஆழமானது. உள்ளூரில் ஒன்றைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் அடங்கியிருக்கும். சோழகக் காற்றில் இது அப்படியே தலைகீழாகும். மீனவர்கள் கரை மாற்றித் தொழில் செய்வது இதை வைத்துத்தான். இரண்டு பக்கமும் கடல் என்றால் இரண்டு பக்கமிருந்தும் ஈரக்காற்று வரும். நடுவில் சில கிலோமீட்டர் அகலமே உள்ள நிலத்தின்மேல் அவை எதிரெதிரே மோதினால் மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏறும் காற்று குளிர்கிறது, ஈரம் துளியாகிறது.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. நீர் ஆவியாகும்போது வாங்கிக்கொண்ட வெப்பத்தைத் துளியாகும்போது திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு லிட்டர் மழைநீர் உருவாகும்போது மேகத்துக்குள் வெளிப்படும் வெப்பம் ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 10 ஏக்கர் கல்லூரி வளாகம் ஒன்றின்மேல் 40 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 1 கோடியே 60 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீர் மேலே உருவானபோது வெளிப்பட்ட வெப்பம் ஒரு கோடி யூனிட்டுக்கும் மேல். இத்தனையும் ஒரே ஒரு வளாகத்துக்கு மேலே உள்ள காற்றுக்குள் கிடைத்த கணக்கு. இந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. அது கீழே விட்டுச்சென்ற இடத்தை நிரப்பக் கடலிலிருந்து மேலும் ஈரக்காற்று ஓடிவருகிறது. மழை தன்னைத் தானே ஊட்டி வளர்த்துக்கொள்கிறது.

இடிமேகம் ஒன்றின் ஆயுள் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்படியானால் மூன்று நான்கு மணி நேரம் ஒரே ஊரில் எப்படிக் கொட்டும்? மேகம் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் காற்று வரும் திசையில், பழைய மேகம் பிறந்த அதே இடத்தில், புதிய மேகம் பிறந்துகொண்டே இருக்கும். கல்யாண வீட்டில் ஒரு பந்தி எழ அடுத்த பந்தி உட்காருவதைப் போல மேகங்கள் மாறிக்கொண்டிருக்க, மழை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த வரிசை பத்துக் கிலோமீட்டர் வடக்கே அமைந்திருந்தால் கொட்டுவது கடலில். எவர் கணக்கிலும் ஏறியிருக்காது.

இதை முன்கூட்டியே சொல்ல முடியாதா? பொதுவாகச் சொல்ல முடியும். தெருவைச் சொல்ல முடியாது. இந்தப் பகுதியைப் பார்க்கக்கூடிய பெரிய வானிலை ரேடார்களில் ஒன்று காரைக்காலில் இருக்கிறது. ராமேஸ்வரம் அங்கிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர். ரேடாரின் கதிர் சற்றே மேல்நோக்கிச் செல்கிறது, பூமியோ உருண்டை. இரண்டும் சேர்ந்து, கதிர் ராமேஸ்வரத்தை அடையும்போது தரையிலிருந்து மூன்றரை கிலோமீட்டருக்கும் மேலே போய்விடும். கடலோர மழைமேகங்களில் மிகுந்த தண்ணீர் அதற்குக் கீழேயும் உருவாகும். அதாவது மேகத்தின் தலை தெரிகிறது, வயிறு தெரிவதில்லை. ராமநாதபுரம் பகுதியிலேயே ஒரு ரேடார் அமைக்கும் திட்டம் உண்டு. அது வந்தால் அடுத்த 3 மணி நேரத்துக்கான எச்சரிக்கைகள் கட்டாயம் கூர்மையாகும். அப்போதும், எந்தக் கல்லூரியின் வாசலில் தண்ணீர் ஏறும் என்பதை ரேடார் சொல்லாது.

நேர்மாறான கதையும் இதே கரையில் நடந்திருக்கிறது. 2020 டிசம்பர் 2 இரவு இலங்கையில் கரையேறிய புரெவி புயல், மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். ராமநாதபுரம் உள்ளிட்ட ஆறு தென் மாவட்டங்களுக்கு டிசம்பர் 4 அன்று அரசு விடுமுறை அறிவித்தது. புயலோ வலுவிழந்து, ராமநாதபுரம் கரைக்கு அருகே மணிக்கணக்கில் அசையாமல் நின்றது. மிகப் பெரிய மழை பெய்தது அங்கே அல்ல. டிசம்பர் 4 காலை கணக்கின்படி கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் சிதம்பரம், விடுமுறை பெற்ற அந்த ஆறு மாவட்டங்களில் எதிலும் இல்லை. புயலின் மையம் ஓரிடம், அது சுழற்றி இழுத்துவரும் ஈரக்காற்று கரையேறும் இடம் வேறு. மையத்தை வைத்து விடுமுறை விட்டவர்களைக் குறைசொல்ல முடியாது. அன்று அவர்கள் கையில் இருந்த அறிவுக்கு அதுதான் சரி. கல்லூரி மாணவர்கள் விடியற்காலையில் செல்போனைத் தேய்த்துக்கொண்டு ‘ஆட்சியர் விடுமுறை விட்டாரா’ என்று தேடுவதும், விட்ட நாளில் வெயில் அடித்தால் கேலிப்படம் போடுவதும் இனியும் தொடரத்தான் செய்யும்.

ஒரு வளாகத்துக்கு முன்னறிவிப்பு என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதை மிக வலியோடு கற்றுக்கொண்ட பல்கலைக்கழகம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரம், 1997 ஜூலை 28. நகரின் மேற்கில் 31 மணி நேரத்தில் 37 செ.மீ. அளவுக்கு மழை பெய்தது. சில கிலோமீட்டர் கிழக்கே 5 செ.மீ.தான். ஐந்து பேர் இறந்தார்கள். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்கன் நூலகத்தில் அடித்தளச் சுவரை உடைத்துக்கொண்டு வெள்ளம் புகுந்து, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களை நனைத்தது. கல்லூரி திறக்க வாங்கி வைத்திருந்த பாடப்புத்தகங்களும் தண்ணீரில் போயின. நனைந்த நூல்களைப் பூஞ்சை பிடிக்குமுன் உறையவைத்து, பிறகு உலர்த்தி, மெல்ல மெல்ல மீட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் வானிலை அறிஞர் நோலன் டோஸ்கென் செய்த காரியம் எளிமையானது. வெள்ளத்தைத் தொடர்ந்து அவரும் சக ஊழியர்களும் நகர மக்களிடம் ‘உங்கள் வீட்டு வாளியில், சக்கரவண்டியில் எவ்வளவு தண்ணீர் நின்றது’ என்று கேட்கத் தொடங்கினார்கள். எந்த அரசு நிலையத்திலும் பதிவாகாத மழையின் வரைபடம் அப்படித்தான் கிடைத்தது. 1998இல் அது தன்னார்வ மழையளவீட்டு வலையமைப்பாக வளர்ந்தது. இன்று ஆயிரக்கணக்கான வீடுகளிலும் பள்ளிகளிலும் ஒரே மாதிரியான பிளாஸ்டிக் மழைமானியை வைத்து மக்கள் அளக்கிறார்கள். வானிலை அலுவலகங்கள் அந்தக் கணக்கைப் பயன்படுத்துகின்றன.

ராமநாதபுரத்துக் கல்லூரி எதுவும் இதைச் செய்யலாம். செலவு சில நூறு ரூபாய். கடையில் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள, நேரான சுவர் கொண்ட பாத்திரம் எதுவானாலும் மழைமானிதான். அகலம் கூடினால் வாங்கும் தண்ணீரும் கூடும், நிரம்ப வேண்டிய இடமும் கூடும். ஆகவே உயரம் மாறாது. ஸ்கேலை வைத்துப் பார்த்து 50 மி.மீ. என்றால் மழை 50 மி.மீ. கட்டடத்தையும் மரத்தையும் விட்டு, அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். தினமும் காலை 8.30க்குப் படிக்க வேண்டும்; இந்திய வானிலைத் துறையின் மழைநாள் அந்த நேரத்தில்தான் முடிகிறது. 2024 நவம்பர் 20 பகலில் பெய்த மழை 21ஆம் தேதிக் கணக்கில் வந்ததற்கு அதுதான் காரணம். பெருமழை நாளில் மட்டும் மணிக்கு ஒரு முறை படித்தால் போதும். இயற்பியல் துறையோ, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோ எடுத்துச் செய்யலாம். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி அலையும் முதுகலை மாணவருக்கு இதைவிட நல்ல தரவு எங்கே கிடைக்கும்?

அளந்த எண்ணை வைத்து என்ன செய்வது? ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 ஏக்கர் வளாகத்தில் விழுவது 40 லட்சம் லிட்டர். அது தேங்காமல் வெளியேற வேண்டுமானால் நொடிக்கு 1,100 லிட்டர் போக வேண்டும். இரண்டடி அகலம், இரண்டடி ஆழமுள்ள வடிகாலில் தண்ணீர் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால் சுமார் 370 லிட்டர்தான் போகும். அதுபோல மூன்று வடிகால்கள், குப்பையும் சீமைக்கருவேல வேரும் இல்லாமல் வேண்டும். ராமநாதபுரம் மண்ணோ தட்டை. நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் கிடைக்கும் சரிவு பல இடங்களில் இல்லை. ஆக, அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் தேங்கத்தான் செய்யும். எங்கே தேங்க விடுவது என்பதே கேள்வி. விளையாட்டு மைதானத்திலா, டிரான்ஸ்பார்மர் மேடையைச் சுற்றியா?

தீவில் இன்னொரு சங்கதியும் உண்டு. ராமேஸ்வரம் மணல் பூமி. மணல் தண்ணீரைக் குடித்துவிடும் என்று நினைப்போம். முதல் மழையில் அது உண்மை. ஆனால் அங்கே நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் 40இல் ஒரு பங்கு கனம் கூடியது. அதனால் மழைநீர் மணலுக்குள் இறங்கி, கடல்நீரின்மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டிக் குடிநீர் எடுக்க முடிவது இந்த வில்லையால்தான். மழை அடுத்தடுத்துப் பெய்தால் வில்லை தடித்து மேலேறி, மணலில் மிச்ச இடம் தீர்ந்துவிடும். அதன் பிறகு விழும் ஒவ்வொரு சொட்டும் தரையில்தான். நவம்பரின் முதல் 10 செ.மீ. மழையும் நான்காவது 10 செ.மீ. மழையும் ஒன்றல்ல.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் கோடைக்கான எச்சரிக்கை கிடைக்கும். வளாகத்தின் ஆழ்துளைக் கிணறு நன்னீர் மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர் மேலேறப் பார்க்கும். மாவட்டத்தில் வெள்ளத்துக்கும் தாகத்துக்கும் இடையே பல ஆண்டுகளில் நான்கு மாத இடைவெளிதான். 1,000 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஓராண்டில் விழும் மழை 8 லட்சம் லிட்டர். 200 பேர் தங்கும் விடுதிக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால், 40 நாள் தண்ணீர். 2003இல் தமிழகம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அன்று வைத்த குழாய்கள் பல இடங்களில் இன்று சுவரோடு ஒட்டிய அலங்காரமாக நிற்கின்றன. வெள்ளத்துக்குத் தயாராவதும் வறட்சிக்குத் தயாராவதும் ஒரே வேலை என்பதை ராமநாதபுரத்தின் கண்மாய் வெட்டிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். 48 மடை கொண்ட ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயில் தண்ணீர் எவ்வளவு நிற்கலாம், எதற்கு மேல் வெளியேற வேண்டும் என்பதைக் கலுங்கின் உயரம் முடிவுசெய்கிறது. நள்ளிரவில் யாரும் கூடிப் பேச வேண்டியதில்லை. அந்தக் கலுங்கும் பாம்பன் பாலத்தின் 58ம் ஒரே யோசனையின் இரண்டு வடிவங்கள்.

துறைமுகக் கூண்டுகளையும் இதே கண்ணால் பார்க்கலாம். 1898 முதல் இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எச்சரிக்கை முறை வந்தது. எண் கூடக் கூட ஆபத்து கூடும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். பாதிதான் சரி. 5, 6, 7 மூன்றும் ஏறத்தாழ ஒரே வலுவுள்ள புயலைக் குறிப்பவை. புயல் போகும் பாதைக்குத் துறைமுகம் இடப்பக்கம் என்றால் 5, வலப்பக்கம் என்றால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 7. கடும் புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. கடைசி எண்தான் எனக்கு வியப்பு: 11. வானிலை அலுவலகத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். செய்தி வராததையே ஒரு செய்தியாக எடுத்துக்கொள் என்று ஒன்றேகால் நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கும் எண் அது.

1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் ரயில் ஊரை நெருங்கியபோது சிக்னல் எரியவில்லை. சிறிது நேரம் காத்திருந்த ஓட்டுநர் நீண்ட விசில் கொடுத்துவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. பேரலை ரயிலை அப்படியே மூடியது. வண்டியில் இருந்த சுமார் 115 பேரில் எவரும் பிழைக்கவில்லை. ஊரே அழிந்தது. அவரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. செயற்கைக்கோள் படமோ செல்போனோ இல்லாத காலம். ஆனால் எரியாத சிக்னல் என்றால் நின்றுவிட வேண்டுமா என்பதைப் புயல் இரவில் ஒற்றை மனிதர் முடிவுசெய்ய நேர்ந்தது.

கல்லூரி முதல்வர் ஒருவருக்கும் இந்த நிலை வரலாம். நண்பகல், வகுப்பில் ஆயிரம் பேர், வெளியே கண் தெரியாத மழை, மின்சாரம் போய்விட்டது, டவர் இல்லை. வீட்டுக்கு அனுப்புவதா, வைத்துக்கொள்வதா? அனுப்பிவிட வேண்டும் என்றுதான் எல்லோருடைய மனமும் சொல்லும், பொறுப்பு கைமாறிவிடுமே! பெரும்பாலும் அதுதான் தவறு. ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும். ஓரடி சிறிய காரை மிதக்கவைக்கும். கான்கிரீட் கட்டடத்தின் முதல் மாடி, அந்த ஒரு மணி நேரத்துக்கு, சாலையைவிடப் பத்திரமானது. மின்னலுக்கும் அதுவே சரி. மின்னலைப் பார்த்தபின் இடி கேட்க 3 நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் கேட்டால் மைதானத்தில் யாரும் இருக்கக் கூடாது, கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம்.

ராமநாதபுரத்துக் கல்லூரிகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் தினமும் பஸ்ஸில் வந்து படிப்பவர்கள் உண்டு. கல்லூரியில் தூறல், அவர்கள் வீட்டு வாசலில் இடுப்பளவு தண்ணீர். தீவுக்குச் சாலை ஒன்றே ஒன்றுதான், 1988இல் திறக்கப்பட்ட பாலம் வழியாக. ஆகவே வளாகத்து மழைமானி மட்டும் போதாது. மாணவர்கள் எந்த ஊர்களிலிருந்து வருகிறார்களோ அந்த ஊர்களின் மழையும் தெரிய வேண்டும். பாம்பனில் ஒரு மாணவியின் வீட்டு முற்றத்தில் ஒரு மானி, மண்டபத்தில் ஒன்று, தொண்டியில் ஒன்று. பாம்பனில் மீனவர்களுக்கென்று நடக்கும் கடல் ஓசை 90.4 சமூக வானொலியும் கேட்க வேண்டிய ஒன்று. பலத்த காற்று எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை விசைப்படகுகளுக்கு அனுமதி டோக்கன் தராது. கடற்கரை ஊர்களில் அதுவே முதல் தகவல். அப்பா கடலுக்குப் போகவில்லை என்று வகுப்பில் நான்கு பேர் சொன்னால் ஆசிரியர் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

எல்லா எச்சரிக்கைக்கும் எல்லாவற்றையும் செய்ய முடியாது. இங்கே ஒரு சின்ன வகுத்தல் உதவும். ஒரு வேலையைச் செய்ய ஆகும் செலவை, செய்யாமல் விட்டால் வரும் இழப்பால் வகுங்கள். மழைக்கான வாய்ப்பு அந்த விகிதத்தைவிடக் கூடுதல் என்றால் செய்துவிடுங்கள். தரைத்தளத்து லேபில் 40 கம்ப்யூட்டர்களைத் தரையிலிருந்து மேசைமேல் ஏற்ற நான்கு பேருக்கு ஒரு மாலை போதும். செலவு ஆயிரம், இரண்டாயிரம். நனைந்தால் பத்துப் பதினைந்து லட்சம் போகும். மழை வர நூறில் ஒரு வாய்ப்பு இருந்தாலும் ஏற்றிவிடுவதே லாபம். பத்து முறை வீணாக ஏற்றினாலும் நட்டமில்லை. தேர்வை ஒத்திவைப்பது அப்படியல்ல. பல்கலைக்கழகம், வினாத்தாள், விடுதி, வேலைக்குப் போக வேண்டிய இறுதியாண்டு மாணவர் என்று அதன் செலவு பெரியது. அதற்கு உயர்ந்த வாய்ப்பு தெரிந்தாக வேண்டும். ஜெனரேட்டரை மேடையில் ஏற்றுவதும், மெயின் சுவிட்சை இடுப்புக்கு மேல் மாற்றுவதும், நூலகத்தின் பழைய தொகுதிகளைக் கீழ்த்தட்டிலிருந்து எடுப்பதும் ஒரே முறை செலவு. அவற்றுக்கு எந்த முன்னறிவிப்பும் தேவையில்லை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும் எச்சரிக்கை நிறங்களைப் பார்த்துப் பயப்படுவதைவிட, எந்த நிறத்துக்கு எந்த வேலை என்று பிரித்து வைத்துக்கொள்வதே அவற்றின் சரியான பயன்.

மற்ற வேலைகளுக்கு வரம்பு எண்கள் வேண்டும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ. பெய்தால் தரைத்தள மின்சாரத்தை நிறுத்துவது, எத்தனை மி.மீ. பெய்தால் யாரையும் வெளியே விடாமல் மாடிக்கு ஏற்றுவது, எத்தனை நிமிடம் மின்சாரமும் டவரும் சேர்ந்து போனால் 11ஆம் எண் ஏறியதாகக் கொள்வது. இந்த எண்களை எந்த வானிலை மையமும் தர முடியாது. உங்கள் வாசல்படியில் தண்ணீர் ஏறிய நாளில் மழைமானி காட்டிய அளவு என்னவோ, அதுதான் உங்கள் எண். இரண்டு பருவமழைகள் ஒழுங்காக அளந்தால் தெரிந்துவிடும். அதுவரை தாழ்வான ஓர் எண்ணை வைத்துக்கொள்வதில் தவறில்லை.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி. ராமநாதபுரம், ராமேஸ்வரம் கரையில் கல்லூரி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆகஸ்டில், வெயில் கொளுத்தும் ஒரு நாளில், எலக்ட்ரீஷியனையும் விடுதிக் காப்பாளரையும் பஸ் டிரைவரையும் இரண்டு மாணவர்களையும் உட்காரவைத்து அந்த எண்களை ஒரே தாளில் எழுதுங்கள். முதல்வர் ஊரில் இல்லாவிட்டால் யார் முடிவெடுப்பது என்பதையும் அதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தாளை மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். தண்ணீர் ஏறாத உயரத்தில்.